ஸ்பைடர்மேன் யார் வீட்டுப் பிள்ளை?

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. சூப்பர் ஹீரோ படங்களில் ஒரு பாத்திரம் ஏன் ஒரு படத்தில் தோன்றி மறு படத்தில் காணாமற்போகிறது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்று சிறுவர்களும் கேட்டிருக்கிறார்கள், அவர்களுடைய தாத்தாக்களும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2019இல் ஸ்பைடர்மேன் இனி அவெஞ்சர்ஸ் கூட்டத்தில் இருக்கமாட்டார் என்ற செய்தி வந்தபோது என் மூத்த மகன் அன்றிரவு சாப்பிடவே இல்லை. இப்போது ஒன்பது வயதாகும் இளையவன், “அம்மா, ஸ்பைடர்மேன் மார்வெலுடையவரா, சோனியுடையவரா?” என்று கேட்கிறான். நான் என்ன சொல்வது? (வாசகி, ஈசூன்)

பதில்: இரண்டு விடைகளும் சரியே, ஆனால் ஒரே பொருளில் அல்ல. 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன், சித்திரக்கதைப் பாத்திரம் என்ற அளவில் மார்வெல் நிறுவனத்தின் சொத்து; அந்த மார்வெலை 2009இல் ஏறத்தாழ 4 பில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு டிஸ்னி வாங்கிக்கொண்டது. ஆனால் அதே பாத்திரத்தை வைத்துத் திரைப்படம் எடுக்கும் உரிமை சோனியிடம் இருக்கிறது. வீட்டின் பத்திரம் ஒருவர் பெயரிலும், அதில் குடியிருக்கும் உரிமை நீண்டகாலக் குத்தகையாக இன்னொருவரிடமும் இருப்பதைப் போன்றது இது என்று மகனுக்குச் சொல்லுங்கள். அந்தக் குத்தகைக்கு ஒரு கடுமையான நிபந்தனையும் உண்டு: வீட்டைப் பூட்டிப்போட்டால் குத்தகை முறிந்துவிடும். 2014இல் சோனியின் கணினிகள் ஊடுருவப்பட்டபோது வெளியே கசிந்த ஒப்பந்தத்தின்படி, ஒரு படம் வெளியானதிலிருந்து 3 ஆண்டு 9 மாதங்களுக்குள் அடுத்த படத்தின் தயாரிப்பைத் தொடங்கி, 5 ஆண்டு 9 மாதங்களுக்குள் அதைத் திரைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். 2007இல் மூன்றாம் படத்தோடு நின்ற வரிசையை விட்டுவிட்டு, 2012இல் புதிய நடிகரைக் கொண்டு அதே கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியபோது, இவ்வளவு சீக்கிரத்தில் இது எதற்கு என்று நானும் முணுமுணுத்தேன். காலக்கெடு ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அறிந்தபின் அந்த அவசரம் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது.

தன் தலைப்பிள்ளையை மார்வெல் ஏன் இன்னொருவரிடம் கொடுத்தது என்பதுதான் இதில் முக்கியமான பகுதி. 1985இல் கேனன் என்ற சிறு படநிறுவனம் சுமார் 225,000 அமெரிக்க வெள்ளிக்கு ஸ்பைடர்மேனின் திரை உரிமையை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பெற்றது. அங்கிருந்து உரிமை கைமாறிக் கைமாறித் துண்டுதுண்டானது: திரையரங்க உரிமை ஒருவரிடமும், தொலைக்காட்சி உரிமை மற்றொருவரிடமும், வீடியோ உரிமை வேறொருவரிடமும் போய்ச் சேர்ந்தன. ஜேம்ஸ் கேமரன் இயக்குவதாக இருந்த படமும் இதனால் எழுந்த வழக்குகளுக்கு நடுவே நின்றுபோனது. உரிமை வாங்கிய கரோல்கோ 1995இல் நொடித்துப்போயிற்று. மார்வெலே 1996 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றப் படியேறியது. வழக்குகள் தீர்ந்து உரிமை மார்வெலிடம் திரும்பியபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல காலத்துக்காகக் காத்திருக்கும் நிலையில் மார்வெல் இல்லை. தன்னிடம் எஞ்சியிருந்த ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களின் திரை உரிமைகளையும் 25 மில்லியனுக்குச் சோனியிடம் நீட்டியது என்றும், சோனி தனக்கு ஸ்பைடர்மேன் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டது என்றும் பின்னாளில் செய்தி வெளிவந்தது. அயர்ன்மேன், தோர், பிளாக் பேந்தர் ஆகியோரையெல்லாம் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பேச்சுவார்த்தையை இன்று நினைத்துப் பார்ப்பவர்கள் சோனியைக் குறை சொல்கிறார்கள். அன்றைய நிலையில் அந்தப் பெயர்களுக்குச் சித்திரக்கதை வாசகர்களுக்கு வெளியே மதிப்பில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். 1999இல் ஒப்பந்தம் முடிவானபோது எம்ஜிஎம் நிறுவனத்தோடு இருந்த தகராறும் ஒரு பண்டமாற்றால் தீர்ந்தது: ஸ்பைடர்மேன் மீது எம்ஜிஎம் கோரிய உரிமையை அது கைவிட்டது, ஜேம்ஸ் பாண்ட் மீது சோனி கோரிய உரிமையைச் சோனி கைவிட்டது. 2002இல் வந்த முதல் படம் உலகெங்கும் 800 மில்லியனுக்கு மேல் வசூலித்தது.

உங்கள் மூத்த மகன் சாப்பிடாமல் படுத்த இரவுக்கு வருகிறேன். 2015 பிப்ரவரியில் சோனியும் மார்வெலும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஸ்பைடர்மேன் தனிப்படங்களுக்குச் சோனி முதலீடு செய்யும். படைப்புப் பொறுப்பை மார்வெல் ஏற்கும். பதிலுக்கு அந்தப் பாத்திரம் மார்வெலின் கூட்டுப் படங்களில் தோன்றும். பொம்மைகள், சட்டைகள், பள்ளிப்பைகள் ஆகியவற்றின் விற்பனை வருமானத்தில் சோனிக்கு இருந்த பங்கை டிஸ்னி அதற்கு முன்பே, 2011இல், வாங்கிவிட்டிருந்தது. 2019இல் டிஸ்னி படத்தின் இலாபத்திலும் பெரும் பங்கு கேட்டது, சோனி மறுத்தது, ஆகஸ்ட்டில் பேச்சு முறிந்தது. செப்டம்பர் 27ஆம் தேதி மீண்டும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டிஸ்னி முதலீட்டில் கால் பங்கைப் போட்டு இலாபத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம் எனச் செய்திகள் கூறின. ஆக, அந்தப் பிள்ளை வீட்டைவிட்டுப் போனதற்கும் திரும்பி வந்ததற்கும் கதையில் எந்தக் காரணமும் இல்லை. உங்கள் மூத்த மகனிடம் அதை மறைக்காமல் சொல்லலாம். அந்த வயதுப் பிள்ளைகள் இதை நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கேள்வி: மின்னல் வேகத்தில் ஓடும் குயிக்சில்வர் 2014இல் ஓர் எக்ஸ்மென் படத்தில் வருகிறார். 2015இல் அவெஞ்சர்ஸ் படத்தில் அதே குயிக்சில்வராக வேறொரு நடிகர் வருகிறார். ஒரே பாத்திரத்தை இரு நிறுவனங்கள் எப்படி ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியும்? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: நல்ல கேள்வி. 1990களில் எக்ஸ்மென் திரை உரிமையை ஃபாக்ஸ் நிறுவனம் பெற்றபோது, அந்தக் கதையுலகைச் சேர்ந்த பாத்திரங்களும் அதனுடன் சேர்ந்தே போயின. குயிக்சில்வரும் அவருடைய உடன்பிறப்பான ஸ்கார்லெட் விட்சும் எக்ஸ்மென் கதைகளில் அறிமுகமானவர்கள், ஆனால் நெடுங்காலம் அவெஞ்சர்ஸ் கதைகளில் வாழ்ந்தவர்கள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் உரிமை இருந்ததால் இரு தரப்பும் அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றானது, ஆனால் எல்லைக்கோடு கண்டிப்பானது. பிறவியிலேயே ஆற்றல் பெற்றவர்களைக் குறிக்கும் ‘மியூட்டன்ட்’ என்ற சொல் ஃபாக்ஸின் பக்கம் இருந்தது. ஆகவே அவெஞ்சர்ஸ் படத்தில் அந்த இரட்டையருக்கு ஆற்றல் ஓர் ஆய்வுக்கூடச் சோதனையால் வந்ததாகக் கதை மாற்றப்பட்டது. ஒப்பந்தத்தின் ஒரு வரி, ஒரு பாத்திரத்தின் பிறப்பையே மாற்றிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். 2019 மார்ச்சில் ஃபாக்ஸின் பெரும்பகுதியை டிஸ்னி 71 பில்லியன் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியபின் அந்தச் சுவர் விழுந்தது.

அதே கொள்முதலில் டிஸ்னிக்குத் திரும்பிவந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் குடும்பத்தின் கதை இன்னும் வருத்தமானது. அதன் திரை உரிமையை 1980களில் ஒரு ஜெர்மானியத் தயாரிப்பாளர் வாங்கியிருந்தார். 1992 இறுதிக்குள் படப்பிடிப்புத் தொடங்காவிட்டால் உரிமை போய்விடும் என்ற நிலையில், ஆண்டின் கடைசி நாட்களில் சுமார் ஒரு மில்லியன் வெள்ளிச் செலவில் அவசரமாக ஒரு படம் தொடங்கப்பட்டது. நடிகர்கள் அது திரைக்கு வரும் என்று நம்பி உழைத்தார்கள். சொந்தச் செலவில் விளம்பரமும் செய்தார்கள். அந்தப் படம் இன்றுவரை முறையாக வெளியிடப்படவே இல்லை.

கேள்வி: விடுமுறையில் செந்தோசாவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சென்றிருந்தோம். ஹல்க் படங்களை யூனிவர்சல்தானே வெளியிட்டது, அங்கே ஹல்க்கைக் காணவில்லையே என்று பேரன் ஏமாந்துபோனான். (தாத்தா ஒருவர், உட்லண்ட்ஸ்)

பதில்: உங்கள் பேரனின் கூர்மையைப் பாராட்டுகிறேன். திரைப்பட உரிமை வேறு, கேளிக்கைப் பூங்கா உரிமை வேறு. யூனிவர்சல் 1994இல் மார்வெலுடன் செய்துகொண்ட பூங்கா ஒப்பந்தத்தின் பயனாக, அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள அதன் பூங்காவில் 1999 முதல் ஹல்க்கின் பெயரில் உருளிரயில் ஓடுகிறது. மார்வெலைச் சொந்தமாக வைத்திருக்கும் டிஸ்னி, அதே ஊரிலுள்ள தன் சொந்தப் பூங்காவில் அந்தப் பாத்திரங்களைப் பயன்படுத்த முடியாமல் இருக்கிறது. ஆகவே செந்தோசாவில் ஹல்க் இல்லாததற்கும், 2003, 2008 ஆகிய ஆண்டுகளில் வந்த ஹல்க் படங்களை யூனிவர்சல் வெளியிட்டதற்கும் தொடர்பில்லை. திரையைப் பொறுத்தவரை, ஹல்க்கின் தயாரிப்பு உரிமை மார்வெலிடம் திரும்பியபோதும் தனிப்படத்தை வெளியிடும் உரிமை யூனிவர்சலிடமே நின்றது. 2012 முதல் ஹல்க்கை நாம் பிறர் படங்களில் துணையாகவே பார்த்து வந்ததற்கு இது முக்கியக் காரணம்.

கேள்வி: கேப்டன் மார்வெல் என்பவர் ‘ஷஸாம்’ என்று சொன்னால் மின்னல் இறங்கி வலிமை பெறும் ஆண் என்று நான் சிறுவயதில் படித்திருக்கிறேன். என் மகள் அது விண்வெளியில் பறக்கும் பெண் என்கிறாள். யார் சொல்வது சரி? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: நீங்களும் சரி, மகளும் சரி. 1940இல் ஃபாசெட் என்ற பதிப்பகம் வெளியிட்ட கேப்டன் மார்வெல், நீங்கள் சொல்லும் ஆண்தான். ஒரு கட்டத்தில் விற்பனையில் சூப்பர்மேனையே முந்தியவர். அவர் சூப்பர்மேனின் நகல் என்று சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கு பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்து, 1953இல் சமரசத்தில் முடிந்தது. ஃபாசெட் இழப்பீடு கொடுத்துப் பாத்திரத்தை நிறுத்திக்கொண்டது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பெயரை 1967இல் மார்வெல் எடுத்துத் தன் புதிய பாத்திரம் ஒன்றுக்குச் சூட்டி, வணிக முத்திரையாகவும் ஆக்கிக்கொண்டது. 1972இல் பழைய பாத்திரத்தின் உரிமத்தை டிசி நிறுவனம், அதாவது முன்பு வழக்குத் தொடுத்த அதே நிறுவனத்தின் வாரிசு, பெற்றபோது ஆள் கிடைத்தார், அட்டையில் அவர் பெயரைப் போட முடியவில்லை. அதனால் ‘ஷஸாம்’ என்பதே தலைப்பாயிற்று. 2019 மார்ச்சில் ஒரு கேப்டன் மார்வெல் படமும், ஏப்ரலில் மற்றவருடைய படம் ஷஸாம் என்ற பெயரிலும் நம் அரங்குகளுக்கு வந்தன.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது, ஏனெனில் தமிழ் நாளேடுகளிலும் இது அடிக்கடி குழம்புகிறது. கதை, படம், உரையாடல் ஆகியவற்றைக் காப்பது பதிப்புரிமை; அது ஒருநாள் காலாவதியாகும். பெயரையும் சின்னத்தையும் வாணிபத்தில் காப்பது வணிக முத்திரை. பயன்படுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அது காலாவதியாவதில்லை. ‘சூப்பர் ஹீரோ’ என்ற பொதுச்சொல்லையே மார்வெலும் டிசியும் கூட்டாக வணிக முத்திரையாகப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன என்பதும், 2024 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் அந்தப் பதிவுகள் நீக்கப்பட்டன என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

கேள்வி: வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்கிறேன். பிறந்தநாள் கேக்கில் ஸ்பைடர்மேன் படம் வரைந்து தருவது தவறா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: உங்கள் சொந்தப் பிள்ளைக்கு வரைந்தால் யாரும் தேடிவரப் போவதில்லை. ஆனால் விலைக்கு விற்கும்போது அது பிறர் பதிப்புரிமையையும் வணிக முத்திரையையும் அனுமதியின்றிப் பயன்படுத்தும் வியாபாரமாகிவிடுகிறது. எல்லாரும் செய்கிறார்கள் என்பது சட்டத்தின்முன் விடையாகாது. உரிமம் பெற்று விற்கப்படும் பொம்மையைக் கடையில் வாங்கிக் கேக்கின்மேல் வைப்பதே ஆபத்துக் குறைந்த வழி.

கேள்வி: இத்தனை பில்லியன் கணக்கில் பேசுகிறீர்கள். இந்தப் பாத்திரங்களை உண்மையில் எழுதியவர்களுக்கும் வரைந்தவர்களுக்கும் என்ன கிடைத்தது? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தோ பாயோ)

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகவே இம்முறை மற்றவற்றைத் தள்ளிவைத்தேன் என்று சொன்னாலும் பொருந்தும்.

சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள், குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பல இடங்களில் திருப்பி அனுப்பப்பட்ட தங்கள் கதையை 1938 மார்ச்சில் 130 வெள்ளிக்கு, எல்லா உரிமைகளோடும், எழுதிக்கொடுத்தார்கள். அப்போது இருவருக்கும் 23 வயது. மற்ற வேலைகளுக்கான ஊதியத்தோடு சேர்த்து வழங்கப்பட்ட 412 வெள்ளிக் காசோலையில் அந்த 130உம் ஒரு வரியாக இருந்தது. 1947இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சூப்பர்மேன் திரும்பக் கிடைக்கவில்லை, கதைகளிலிருந்து அவர்களுடைய பெயர்களும் அகற்றப்பட்டன. 1970களில் பெரும் பொருட்செலவில் சூப்பர்மேன் படம் தயாராகிறது என்ற செய்தி வந்தபோது ஷூஸ்டரின் பார்வை மங்கியிருந்தது. சீகல் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சீகல் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதமும், பிற ஓவியர்களின் ஆதரவும் பொதுமக்களின் மனத்தைத் தொட்டபின், 1975 இறுதியில் டிசியின் உரிமையாளரான வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 வெள்ளி தரவும், அவர்களுடைய பெயர்களை மீண்டும் இடவும் இசைந்தது. அந்தப் பழைய காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தபோது 160,000 வெள்ளிக்குப் போனது. அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ள அவர்கள் இருவரும் உயிரோடு இல்லை.

அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முன்பு எழுதிக்கொடுத்த உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் படைப்பாளரோ வாரிசுகளோ திரும்பக் கோரும் வழியைத் திறந்தது. முதலில் கையெழுத்திடும்போது தன் படைப்பின் மதிப்பை யாராலும் கணிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் அது. அந்த நியாயத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது: கூலிக்குச் செய்த வேலையாக இருந்தால் திரும்பக் கேட்கவே முடியாது. மார்வெலுக்கு வரைந்த ஓவியர் ஜாக் கர்பியின் குடும்பத்தார் அந்தச் சுவரில்தான் மோதினார்கள். கேப்டன் அமெரிக்கா, ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்மென் என்று அவருடைய கையிலிருந்து பிறந்தவர்களை அடுக்கினால், இன்றைய மார்வெல் படவுலகில் பாதி அதில் அடங்கிவிடும். நிறுவனம் கேட்டு, நிறுவனத்தின் செலவில் செய்த வேலை என்பதால் உரிமை நிறுவனத்துக்கே என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசலில் நின்றபோது, 2014 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. ஸ்டீவ் டிட்கோவின் வாரிசு தொடுத்த கோரிக்கையும் 2023இல் அதே வழியில் முடிந்தது. சூப்பர்மேனைப் பொறுத்தவரை, 2001இல் சீகல் குடும்பத்தார் வார்னருடன் ஏற்றுக்கொண்ட உடன்பாடு அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று 2013இல் தீர்ப்பாயிற்று.

பணத்தைவிடப் பெயர் சிலருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. பேட்மேனின் உருவத்தையும் கதையையும் செதுக்கியதில் பெரும்பங்காற்றிய பில் ஃபிங்கர் 1974இல் மறைந்தார். அதுவரையிலும் அதற்குப் பின்னும் ‘படைத்தவர் பாப் கேன்’ என்று ஒரே பெயர்தான் அச்சாகி வந்தது. ஃபிங்கரின் பெயரும் சேர்ந்து வந்தது 2015இல். அவர் கண்மூடி 41 ஆண்டுகளுக்குப் பிறகு. தனிப்பாடல் திரட்டுகளில் பெயர் தெரியாத புலவர்களின் பாடல்களை மாணவர்களுக்கு நடத்தியிருப்பீர்கள், ‘யார் பாடியது?’ என்று ஒரு பிள்ளை கேட்டபோது உங்களுக்கு நேர்ந்த வருத்தத்தை நினைத்துப் பார்த்தால், இதன் கனம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: சிறுவயதில் சிராங்கூன் சாலைக் கடைகளில் முத்து காமிக்ஸ் தேடித்தேடி வாங்குவேன். இரும்புக்கை மாயாவியை நம் இளைஞர்கள் படமாக எடுக்க முடியாதா? சூப்பர்மேன் எப்போது எல்லாருக்கும் பொதுவாவார்? (வாசகர், குவீன்ஸ்டவுன்)

பதில்: 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, 1962இல் பிரிட்டனில் தொடங்கிய ‘ஸ்டீல் க்ளா’ கதையின் தமிழ் வடிவம். தமிழ்ப் பெயர் எவ்வளவுதான் நம்முடையதாகிவிட்டாலும், பாத்திரத்தின் உரிமை மூலப் பதிப்பாளரின் வழிவந்தவர்களிடமே இருக்கிறது. எனவே முறையான உரிமம் பெறாமல் படமெடுக்க இயலாது.

சூப்பர்மேனின் முதல் கதைக்கு அமெரிக்காவில் 95 ஆண்டுக் காலம் முடிந்து 2034 ஜனவரி 1ஆம் தேதி பொதுவுடைமையாகும். அதுவும் 1938இல் அச்சான வடிவத்தில் உள்ள சூப்பர்மேன் மட்டுமே. பிற்காலத்தில் சேர்ந்தவை அவற்றுக்குரிய ஆண்டில்தான் விடுதலையாகும். சிங்கப்பூரில் கணக்கு வேறு: பொதுவாக, படைத்தவர் மறைந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள். அங்கே காலாவதியானது இங்கும் காலாவதியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

பொதுவுடைமையான ஒரு சூப்பர் ஹீரோவுக்கு மறுவாழ்வு கொடுத்த ஓவியர் நம் ஊரிலேயே இருக்கிறார். 1944இல் சூ ஹிங் என்ற சீன அமெரிக்கர் வரைந்த ‘பச்சை ஆமை’ என்ற நாயகன் ஐந்தே இதழ்களில் நின்றுபோய் உரிமையாளரின்றிக் கிடந்தான். எழுத்தாளர் ஜீன் லுவென் யாங்குடன் சேர்ந்து சானி லியூ 2014இல் அவனுக்கு ஒரு முழு வரலாறு வரைந்து கொடுத்தார். அந்த நூல் நம் பொது நூலகங்களில் கிடைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுங்கள்.

கேள்வி: சித்திரக்கதை வரைகிறேன். சிராங்கூன் சாலையில் பூக்கட்டும் பாட்டியின் பேத்தி, வாழைநாரால் எதையும் கட்டிவிடும் ஆற்றல் பெறுகிறாள் என்பது கதை. ஒரு தயாரிப்பு நிறுவனம் அதை இணையத் தொடராக எடுக்க விரும்பி நான்கு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. மகிழ்ச்சியாகவும் பயமாகவும் இருக்கிறது. (இளம் ஓவியர், செங்காங்)

பதில்: உங்கள் நாயகியின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். அனுப்பியிருந்த இரண்டு பக்க ஓவியத்தையும் பார்த்தேன். பாட்டி நாரைப் பல்லால் கிழிக்கும் அந்தக் கட்டத்தை நான் மறக்கமாட்டேன். நீங்கள் பயப்படுவது நல்லது.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு சிறுவர் தொடருக்காக ஒரு பாத்திரத்தை உருவாக்கி, காப்பிக் கடை மேசையில் வைத்தே இரண்டு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். தொடர் முடிந்தபின் அந்தப் பாத்திரம் புத்தகங்களிலும் மேடைகளிலும் என் பெயரில்லாமல் உலவியது. கேட்கப் போனபோது நான் கையெழுத்திட்ட வரியை எனக்கே படித்துக்காட்டினார்கள். அந்த வரி ‘எந்த ஊடகத்திலும், எக்காலத்துக்கும்’ என்று தொடங்கியது. உங்கள் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் ஏறக்குறைய அதே வரி இருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் வரும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை. பொதுவெளியில் படைப்பு பயன்படும்போது படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையும் அந்தச் சட்டத்தில் வந்தது. ஆனால் ஊதியத்துக்கு வேலை பார்க்கும்போது, அந்த வேலையின் பகுதியாகப் படைத்தவை வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதலாளிக்கே உரியவை. ஆகவே அவர்கள் உங்களை ஊழியராக நியமித்துத் தொடரைச் செய்யலாம் என்று சொன்னால், ஏற்கெனவே வரைந்த கதையைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் உள்ளதுபோல் 35 ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு இங்கே இல்லை. இங்கே அந்தப் பாதுகாப்பைச் சட்டம் தராது, ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிவைத்தால்தான் உண்டு.

முதலில், உரிமை முழுவதையும் மாற்றிக் கொடுக்காதீர்கள். உரிமம் மட்டும் கொடுங்கள். இணையத் தொடருக்கு என்றால் இணையத் தொடருக்கு மட்டும். திரைப்படம், பொம்மை, விளையாட்டு, மேடை, நூல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிப் பேச்சாக இருக்கட்டும். மேலே சொன்ன ஸ்பைடர்மேன் வரலாற்றில் மார்வெல் எவ்வளவு இழந்தாலும் சித்திரக்கதை உரிமையைக் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிற்காலத்தில் அது பேச்சுவார்த்தை மேசைக்குத் திரும்பி வர முடிந்ததற்கு அதுவே காரணம். அடுத்ததாக, காலக்கெடு. இத்தனை மாதங்களுக்குள் தயாரிப்புத் தொடங்காவிட்டால் உரிமை தானாக உங்களிடம் திரும்ப வேண்டும். ‘தயாரிப்புத் தொடங்குதல்’ என்றால் என்ன என்பதையும் விளக்கி எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு நேர்ந்ததுபோல், உரிமையைத் தக்கவைப்பதற்காகவே யாரும் பார்க்காத ஒன்றைப் பெயருக்கு எடுத்து வைக்கும் வழி திறந்துவிடும். பெயர் எங்கே, எந்த அளவில், யாருக்கு முன்னால் வரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

நாயகியின் பெயரை வணிக முத்திரையாகப் பதிவது வேறு வேலை. அதைச் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் செய்யலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் பதிவு நிறுவனத்தின் பெயரில் நடந்துவிட்டால், கேப்டன் மார்வெலுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்: பாத்திரம் உங்களிடம் இருக்கும், அட்டையில் அவள் பெயரைப் போட முடியாது. கையெழுத்து அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இந்தத் துறை தெரிந்த ஒரு வழக்குரைஞரிடம் அந்த நான்கு பக்கங்களையும் காட்டுங்கள். மூன்றாம் பக்கத்தில் நான் பென்சிலால் கோடிட்ட நகலை உங்கள் முகவரிக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன்.